வரைபடத்தில் சி32/40, கணக்குத்தாளில் 40: எது சரி?

திருச்சி_டு_துவாஸ் | திங்கள், இரவு 10.42

எல்லாருக்கும் வணக்கம். சிங்கப்பூர் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கட்டமைப்பு வடிவமைக்கும் ஒரு சின்ன அலுவலகத்தில் ஜூனியர் பொறியாளர். ஐந்து மாடிக் கட்டடம் ஒன்றுக்குத் தூண் கணக்கை வெளியே ஓர் அலுவலகத்துக்குக் கொடுத்திருந்தோம். போன வாரம் வந்து சேர்ந்தது. சரிபார்க்கச் சொல்லி என் மேஜையில் வைத்தார்கள்.

வரைபடத்தில் கான்கிரீட் சி32/40 என்று இருக்கிறது. கணக்குத்தாளில் எஃப்சிகே, அதாவது கான்கிரீட் பலத்துக்கான குறியீடு, 40 என்று போட்டிருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்டேன். "ரெண்டும் நாற்பதுதானே தம்பி, ஊர்ல எம்40 போடுறதில்லையா?" என்றார்கள்.

நானும் காலேஜில் படித்தது இந்திய விதியான ஐ.எஸ். 456தான். அதில் எஃப்சிகே என்றால் கியூப் பலம். இங்கே எஸ்.எஸ். ஈ.என். 1992 என்ற சிங்கப்பூர்த் தரநிலை, அதாவது ஐரோப்பிய விதியான யூரோகோடு. அதில் எஃப்சிகே சிலிண்டர் பலம் என்று நினைக்கிறேன். என் சந்தேகம் சரிதானா? சரி என்றால் இது சின்ன விஷயமா, பெரிய விஷயமா? சீனியரிடம் போவதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டு நாளாகச் சரியாகத் தூங்கவில்லை.

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | திங்கள், இரவு 11.30

தம்பி, உங்கள் சந்தேகம் சரி. நாளைக் காலையில் முதல் வேலையாகச் சீனியரிடம் போங்கள்.

சி32/40 என்பதில் முதல் எண் சிலிண்டர், இரண்டாவது கியூப். ஒரே லாரியில் வந்த ஒரே கான்கிரீட்டை இரண்டு அச்சில் ஊற்றி 28 நாள் கழித்து உடைத்தால், 150 மில்லிமீட்டர் கியூப் 40 (சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்ற அளவில்) காட்டும். 150 விட்டமும் 300 உயரமும் உள்ள சிலிண்டர் 32தான் காட்டும். கான்கிரீட் மாறவில்லை, உடைக்கிற உருவம் மாறியிருக்கிறது. மெஷினின் இரும்புத் தகடு மேலும் கீழும் அழுத்தும்போது உரசலால் கான்கிரீட்டைப் பக்கவாட்டில் விரியவிடாமல் பிடித்துக்கொள்ளும். கியூப் குட்டை, அதனால் அந்தப் பிடி முழு உயரத்துக்கும் எட்டிவிடும். சிலிண்டர் விட்டத்தைப் போல இரண்டு மடங்கு உயரம், நடுப்பகுதிக்கு அந்தப் பிடி போய்ச் சேராது. தூணும் நெட்டையானது என்பதால் சிலிண்டர்தான் தூணின் நிஜத்துக்குப் பக்கம்.

இப்போது கணக்கைப் பாருங்கள். ஐ.எஸ். 456 கியூப் பலத்தை 0.67 ஆல் பெருக்கி 1.5 ஆல் வகுக்கும். 40 போட்டால் 17.87 வரும். இங்கே யூரோகோடு சிலிண்டர் பலத்தை 0.85 ஆல் பெருக்கி 1.5 ஆல் வகுக்கும். 32 போட்டால் 18.13. இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான், ஏனென்றால் இரண்டு விதியும் ஒரே கான்கிரீட்டைத்தான் பேசுகின்றன. ஆனால் ஊர் எண்ணைக் கொண்டுவந்து இந்த ஊர்ச் சூத்திரத்தில் போட்டால், 0.85 தடவை 40, வகுத்தல் 1.5, அதாவது 22.67. இல்லாத 25 சதவீத பலம் காகிதத்தில் முளைத்துவிட்டது.

உங்கள் தூண் என்ன அளவு?

திருச்சி_டு_துவாஸ் | திங்கள், இரவு 11.38

பெரும்பாலும் 300க்கு 600, சார்.

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | திங்கள், இரவு 11.51

அப்படியானால் கம்பியின் பங்கை விட்டுவிட்டு, கான்கிரீட் மட்டும் நேராகத் தாங்குகிற சுமையைப் பாருங்கள். சரியான கணக்கில் 3,264 கிலோநியூட்டன். அவர்கள் கணக்கில் 4,080. வித்தியாசம் 816. ஒரு தூணுக்குச் சுமார் 83 டன்.

இதைவிட என்னை உறுத்துவது இன்னொன்று. இங்கே சைட்டில் நாம் உடைப்பது கியூப். ரிப்போர்ட்டில் 40க்கு மேலே வந்தால் பாஸ். வரைபடத்தில் சி32/40 இருப்பதால் கியூபும் 40ஐத் தாண்டித்தான் வரும், எல்லாரும் கையெழுத்துப் போடுவார்கள். ஆனால் கணக்குப் போட்டவர் நிஜத்தில் நம்பியிருப்பது சிலிண்டர் 40 உள்ள சி40/50ஐ. அதற்குக் கியூப் 50 வந்திருக்க வேண்டும். அதாவது இந்தத் தப்பைக் கியூப் டெஸ்ட் காட்டிக்கொடுக்காது. கணக்குத்தாளில் கண்டுபிடிக்காவிட்டால் வேறு எங்கேயும் அகப்படாது.

சைட்_பாண்டி | செவ்வாய், காலை 6.15

தம்பியைப் பயமுறுத்த வேண்டாம் அண்ணே. நான் துபாயில் 12 வருஷம், இங்கே 9 வருஷம். அந்த 1.5 எதுக்கு இருக்கு? பாதுகாப்புக்குத்தானே? அது போக சுமையையும் கூட்டித்தான் போடுறோம். 25 சதவீதம் அதுக்குள்ளேயே அடங்கிடும். நான் பார்த்த கட்டடம் எதுவும் விழுந்ததில்லை.

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | செவ்வாய், காலை 7.40

பாண்டி தம்பி, கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் இந்தப் பேச்சை நான் விடமாட்டேன்.

1.5 என்பது நம் தப்புக்கு வைத்த இடம் இல்லை. ஒரு லாரிக்கும் அடுத்த லாரிக்கும் கான்கிரீட் கொஞ்சம் மாறும். அச்சில் பதமாக ஊற்றிய கியூபுக்கும் கம்பி நெருக்கத்துக்குள் வைப்ரேட்டர் சரியாக எட்டாத தூணுக்கும் வித்தியாசம் இருக்கும். அதற்காக வைத்தது. அந்த வித்தியாசங்கள் எல்லாம் நம் சைட்டிலும் இருக்கத்தான் போகின்றன. அவற்றுக்கான பணத்தை எடுத்து இந்தக் கடனை அடைத்துவிட்டால், அவை வரும்போது கையில் என்ன இருக்கும்?

1986 மார்ச் 15, சனிக்கிழமை. எனக்கு 19 வயது. வீடு ரேஸ் கோர்ஸ் ரோட்டில். பகல் 12 மணி ஆகவில்லை. சிராங்கூன் சாலையும் ஓவன் ரோடும் சேருகிற முனையில் ஹோட்டல் நியூ வேர்ல்டு இருந்த ஆறு மாடிக் கட்டடம் ஒரு நிமிஷத்துக்குள் தரைமட்டமானது. பெருமாள் கோயில் பக்கம் வரைக்கும் ஜனம். நான் போய்ச் சேர்ந்தபோது தூசி அடங்கவில்லை. குண்டு வெடித்தது என்றார்கள், கேஸ் வெடித்தது என்றார்கள். எம்ஆர்டி ரயில் சுரங்கம் தோண்ட வந்திருந்த வெளிநாட்டுப் பொறியாளர்கள் இடிபாட்டுக்கு அடியில் குடைந்து போய் ஆட்களை எடுத்தார்கள். 17 பேரை உயிரோடு மீட்டார்கள். 33 பேர் இறந்தார்கள்.

குண்டும் இல்லை, கேஸும் இல்லை. விசாரணையில் தெரிந்தது இதுதான்: வடிவமைத்தபோது உள்ளே வரப்போகிற ஆட்கள், சாமான்களின் சுமையைக் கணக்கில் எடுத்தவர், கட்டடத்தின் சொந்த எடையை எடுக்கவே இல்லை. சுவர், தளம், உத்தரம், தூண் எதுவும் கணக்கில் இல்லை. கட்டி முடித்தது 1971இல். 15 வருஷம் நின்றது. அந்த 15 வருஷமும் அதைப் பார்த்தவர்கள் எல்லாரும் உங்களைப் போலத்தான் "விழவில்லையே" என்று சொல்லியிருப்பார்கள்.

அதற்குப் பிறகுதான் 1989இல் கட்டடக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. வடிவமைத்தவருக்குச் சம்பந்தமில்லாத இன்னொரு பொறியாளர் கணக்கைத் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று வைத்தார்கள். குடியிருப்புக் கட்டடத்தை 10 வருஷத்துக்கு ஒரு முறை, மற்றவற்றை 5 வருஷத்துக்கு ஒரு முறை பொறியாளர் வந்து பார்க்கவேண்டும் என்றும் வைத்தார்கள். நான் ட்ராஃப்டிங் படிக்கப் போனதே அந்தச் சனிக்கிழமையால்தான்.

யீஷூன்_அக்கா | செவ்வாய், காலை 9.05

நான் பொறியாளர் இல்லை, வீட்டுக்காரி. படித்ததும் கை நடுங்கியது. நாங்கள் இருப்பது பழைய வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) நாலறை வீடு. தரையில் பழைய டைல் இருக்கிறது. ரெனவேஷன் காண்ட்ராக்டர் "உடைக்க வேண்டாம் அக்கா, மேலேயே புது டைல் ஒட்டிடலாம், செலவு மிச்சம்" என்கிறார். ஒட்டலாமா? இன்னொன்று, கழிப்பறைக் கூரையில் சிமெண்ட் பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது. அதுவும் இந்த மாதிரி கணக்குத் தப்பா?

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | செவ்வாய், பகல் 12.20

தங்கச்சி, பயப்பட வேண்டாம். கூரை பெயர்வது கணக்குத் தப்பு இல்லை. கான்கிரீட் வயதாக ஆக, காற்றில் உள்ள கரியமில வாயு உள்ளே இறங்கும். ஈரமும் சேர்ந்தால் கம்பி துருப்பிடிக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் கேட்கும், அதனால் மேலே இருக்கிற கான்கிரீட்டைத் தள்ளிவிடும். பழைய வீடுகளில் குளியலறை, கழிப்பறையில்தான் அதிகம். வீவக கிளை அலுவலகத்தில் சொல்லுங்கள், பழுது பார்க்கும் செலவில் பாதியை அவர்கள் ஏற்கிற திட்டம் இருக்கிறது. தள்ளிப்போட வேண்டாம்.

டைலுக்கு வீவக விதி தெளிவாக இருக்கிறது. அடியில் உள்ள சிமெண்ட் பூச்சும் டைலும் சேர்ந்து மொத்தம் 50 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. காண்ட்ராக்டரிடம் "எத்தனை மில்லி ஆகும்?" என்று கேட்காதீர்கள், புது டைலின் கனத்தை மட்டும் சொல்வார். "தளத்தின் கான்கிரீட்டிலிருந்து மேல்முகம் வரை எத்தனை மில்லி?" என்று கேளுங்கள். 50 மில்லி பூச்சு என்றாலே சதுர மீட்டருக்குச் சுமார் 115 கிலோ. உங்கள் வீடு 90 சதுர மீட்டர் என்றால் 10 டன். கட்டடத்தின் சொந்த எடை என்று மேலே எழுதினேனே, அது இப்படித்தான் ஆள் கண்ணுக்குத் தெரியாமல் ஏறும்.

கம்பிகட்டி | செவ்வாய், இரவு 9.48

நான் தஞ்சாவூர் பக்கம். இங்க எட்டு வருஷமா கம்பி வேலை. ட்ராஃப்ட்ஸ்மேன் ஐயா சொன்னதப் படிச்சதும் எனக்கு ஒண்ணு ஞாபகம் வந்துச்சு.

வந்த புதுசுல தூணுக்கு கவர், அதாவது கம்பிக்கு வெளிய இருக்க வேண்டிய கான்கிரீட் கனம், 40 மில்லின்னு வரைபடத்துல இருந்துச்சு. கவர் பிளாக்கும் 40தான் கொடுத்தாங்க. நான் நெட்டுக் கம்பில பிளாக்கக் கட்டினேன். அது பெரிய கம்பி, நல்லா நிக்கும். பலகை அடிக்கிறதுக்கு முன்னாடி ஒரு சூப்பர்வைசர் வந்தாரு, மலையாளி, நல்ல மனுஷன். டேப்ப எடுத்து வச்சுப் பார்த்தாரு. "40 எதுலேர்ந்து?"ன்னு கேட்டாரு. நான் கம்பியக் காமிச்சேன். அவரு வெளிய சுத்தியிருக்கிற ரிங்கத் தொட்டுக் காமிச்சு, "இதுதான் வெளிய இருக்கு, இதுலேர்ந்துதான் 40"ன்னாரு. ரிங் 10 மில்லி. அப்ப நான் வச்சதுல ரிங்குக்கு 30தான் இருந்துச்சு. அன்னிக்கு 16 தூணுக்கு பிளாக்க அவுத்து ரிங்ல மாத்திக் கட்டினோம். ராத்திரி பத்தாயிருச்சு. அப்ப எரிச்சலா இருந்துச்சு. இப்ப அந்த அக்கா வீட்டுக் கூரையப் பத்திப் படிக்கிறப்ப, அந்த 10 மில்லி எத்தனை வருஷம்னு தோணுது.

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | செவ்வாய், இரவு 10.10

கம்பிகட்டி தம்பி, இந்த இழையிலேயே நல்ல பதிவு உங்களுடையதுதான். "40 எதிலிருந்து?" இதைத்தான் நேற்றிலிருந்து நான் சுற்றிச் சுற்றிச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கியூபா சிலிண்டரா, ரிங்கா நெட்டுக் கம்பியா என்று சேர்த்துச் சொல்லாத 40 பாதி எண்தான். மீதிப் பாதியை எழுதி வைப்பதற்குத்தான் தர நிர்ணயம் என்ற ஒன்றே இருக்கிறது.

மின்கம்பி | புதன், காலை 7.22

எலக்ட்ரிக்கல் பக்கமும் இதே கதைதான். 2025 ஜூலை 1க்குள் எல்லா வீட்டிலும் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கருவி) இருக்க வேண்டும் என்று விதி வந்ததே, அந்தச் சமயத்தில் பழைய வீடுகளுக்கு மாட்டிக் கொடுக்க நிறையப் போனேன். 1985 ஜூலைக்குப் பிறகு கட்டிய வீட்டில் ஆரம்பத்திலேயே இருக்கும். அதற்கு முன் கட்டியதில்தான் பிரச்சினை.

ஒரு பாட்டி வீட்டில் மாட்டி முடித்ததும் பாட்டியின் மகன் பெட்டியைப் பார்த்துவிட்டு, "40 ஆம்பியர் போட்டிருக்கே, அவ்வளவு கரண்ட் போனால்தான் விழுமா? அதற்குள் ஆள் செத்துவிடுவாரே" என்றார். நல்ல கேள்வி. 40 ஆம்பியர் என்பது அந்தக் கருவி வழியாக வழக்கமாக ஓடக்கூடிய கரண்ட். ஆளைக் காப்பாற்றுகிற எண் அதற்குக் கீழே சின்னதாக இருக்கும், 30 மில்லி ஆம்பியர். போகிற கம்பியில் போனதும் வருகிற கம்பியில் வந்ததும் சமமாக இல்லாமல், அந்த அளவுக்கு எங்கேயோ கசிந்தால் உடனே விழும். ஒன்று மற்றதைப்போல ஆயிரம் மடங்குக்கும் மேலே. பெட்டியில் இரண்டும் விரல் அகலத்துக்குள் இருக்கின்றன.

வீட்டில் இருப்பவர்கள் மாதம் ஒரு முறை அதில் உள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள். விழவில்லை என்றால் உரிமம் உள்ள எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள், நீங்களே கழற்ற வேண்டாம்.

சைட்_பாண்டி | புதன், பகல் 1.05

அண்ணே, நேத்து நீங்க எழுதினத ரெண்டு தடவை படிச்சேன். 1.5 பத்தி நான் சொன்னது தப்பு. ஒத்துக்கிறேன். ஆனா ஒரு கேள்வி உண்மையாவே இருக்கு. எஸ்.எஸ். நம்பர் எல்லாம் சட்டமா? சப்ளையர் ஒருத்தர் "அது வாலண்டரி, கட்டாயம் இல்ல"ன்னு சொல்லித்தான் என்கிட்ட சாமான் விக்கிறாரு.

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | புதன், மாலை 6.30

பாண்டி தம்பி, திரும்பி வந்து எழுதியதற்கு நன்றி.

சப்ளையர் சொல்வது பாதி உண்மை. சிங்கப்பூர்த் தரநிலை தனியாக இருக்கும்போது யாரையும் கட்டுப்படுத்தாது. ஆனால் ஒரு சட்டமோ விதிமுறையோ அதைப் பெயர் சொல்லி எடுத்துக்கொண்டால் கட்டாயம். உங்கள் ஒப்பந்தத்திலோ வரைபடக் குறிப்பிலோ அந்த நம்பர் இருந்தாலும் கட்டாயம், ஏனென்றால் நீங்கள் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்கள். அதனால் "கட்டாயமா?" என்று சப்ளையரிடம் கேட்க வேண்டாம். வரைபடத்தின் பொதுக் குறிப்புகள் பக்கத்தைத் திறந்து பாருங்கள், அங்கே இருக்கும்.

கட்டமைப்பு வடிவமைப்பில் இந்தக் குழப்பம் வர ஒரு வரலாறு உண்டு. முன்பெல்லாம் இங்கே பிரிட்டிஷ் முறையும் அதன் வழி வந்த சி.பி. 65உம்தான். அதில் கியூப் பலம், குறியீடு எஃப்சியூ. 2013 ஏப்ரல் 1இல் யூரோகோடு வந்தது. இரண்டு வருஷம் இரண்டும் ஓடின. 2015 ஏப்ரல் 1 முதல் யூரோகோடு மட்டும். எங்கள் வயதுக்காரர்களுக்குக் குறியீடே மாறியதால் ஒரு எச்சரிக்கை கிடைத்தது. எஃப்சியூ போய் எஃப்சிகே வந்ததும், இது வேறு என்று கண்ணில் பட்டது. ஊரிலிருந்து வருகிற பிள்ளைகளுக்கு அந்த எச்சரிக்கை இல்லை. அங்கேயும் எஃப்சிகே, இங்கேயும் எஃப்சிகே. எழுத்து ஒன்று, பொருள் வேறு. அவர்கள் அசட்டையால் செய்த தப்பு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் இங்கே கணக்குப் போட உட்காருகிற ஒவ்வொருவருக்கும் முதல் நாளே இதைச் சொல்லிக்கொடுக்காத அலுவலகத்தை நான் குறை சொல்வேன்.

தேக்கா_பேத்தி | புதன், இரவு 8.15

என் தாத்தா தேக்கா சந்தையில் மீன் விற்றவர். மெட்ரிக் வந்த பிறகும் வயதானவர்கள் கட்டிக் கணக்கில்தான் கேட்பார்களாம். ஒரு கட்டி கிட்டத்தட்ட 605 கிராம், 16 தாஹில். "அரைன்னு கேட்டா எதுல அரைன்னு திருப்பிக் கேளு" என்பாராம் என் அப்பாவிடம். அரைக் கிலோ 500, அரைக் கட்டி 302. இந்த இழையைப் படித்ததும் அது ஞாபகம் வந்தது. பெரிய விஷயம் பேசும் இடத்தில் மீன் கதை சொன்னதற்கு மன்னிக்கவும்.

யீஷூன்_அக்கா | புதன், இரவு 8.40

மன்னிப்பு எதற்கு, எனக்கு உன் கதைதான் முதலில் புரிந்தது. காண்ட்ராக்டர் இன்று வந்தார். ஓர் ஓரத்தில் டைலைப் பெயர்த்துக் கான்கிரீட் வரை அளக்கச் சொன்னேன். இப்போதே 45 மில்லி. மேலே ஒட்ட இடமில்லை. பழையதை உடைத்துவிட்டுத்தான் போடப்போகிறோம்.

திருச்சி_டு_துவாஸ் | வெள்ளி, இரவு 9.20

தாமதத்துக்கு மன்னிக்கவும். செவ்வாய்க்கிழமை காலையிலேயே சீனியரிடம் போனேன். வரைபடத்தையும் கணக்குத்தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, 18.13, 22.67 இரண்டையும் பென்சிலால் எழுதிக் காட்டினேன். அவர் ஒரு நிமிஷம் எதுவும் பேசவில்லை. பிறகு கதவைச் சாத்திவிட்டு உட்காரச் சொன்னார். மூன்று நாளாக எல்லாத் தூணையும் மறுபடி போட்டோம்.

மேல்மாடிகளில் இடம் இருந்தது, தப்பித்தன. தரைத்தளத்தில் நான்கு தூண்கள் போதவில்லை. அவற்றுக்கு மட்டும் சி40/50 போடலாமா என்று கேட்டேன். ஒரே தளத்தில் இரண்டு தரம் வந்தால் எந்த லாரி எந்தத் தூணுக்கு என்று சைட்டில் மாறிப்போகும் என்று சொல்லி, 300க்கு 600ஐ 300க்கு 750 ஆக்கினார். கான்கிரீட்டின் பங்கு அதே 4,080க்கு வந்துவிட்டது, இந்த முறை நிஜமாகவே. இன்னும் அனுமதிக்கு அனுப்பவில்லை என்பதால் காகிதத்தோடு போயிற்று.

வெளி அலுவலகத்தோடும் பேசினோம். கணக்குத்தாளில் எஃப்சிகே என்ற கட்டத்துக்குப் பக்கத்தில் "சிலிண்டர்" என்றும், அடுத்த கட்டத்தில் "கியூப்" என்றும் எழுதி, இரண்டையும் நிரப்பாமல் கணக்கு ஓடாதபடி மாற்றிவிட்டேன். ட்ராஃப்ட்ஸ்மேன் சார், உங்களை ஒரு நாள் நேரில் பார்க்க வேண்டும்.

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | வெள்ளி, இரவு 9.55

வாருங்கள் தம்பி. ஞாயிறு காலையில் பெருமாள் கோயிலில்தான் இருப்பேன். அந்த முனைக்கு நடந்து போய்க் காட்டுகிறேன்.

கம்பிகட்டி | வெள்ளி, இரவு 10.30

ஐயா, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க. நாளைக்குக் காலைல எங்க சைட்ல எட்டுத் தூண் ஊத்துறோம். போன தடவை லாரிச் சீட்டுல வெறும் 40ன்னுதான் பார்த்த மாதிரி இருக்கு. நான் யார்கிட்ட, என்னன்னு கேக்கணும்?

பழைய_ட்ராஃப்ட்ஸ்மேன் | வெள்ளி, இரவு 10.41

பம்ப் ஓடுவதற்கு முன்னால் சூப்பர்வைசரிடம் கேளுங்கள். வரைபடத்தில் உள்ள முழுத் தரமும், சாய்கோட்டின் இரண்டு பக்க எண்ணும், சீட்டில் அப்படியே இருக்கிறதா என்று. இல்லையென்றால் சப்ளையரைக் கூப்பிட்டு எழுத்தில் வாங்கச் சொல்லுங்கள். கேட்பது உங்கள் வேலை இல்லை என்று யாராவது சொன்னால், பிளாக்கை ரிங்குக்கு மாற்றிக் கட்டிய ராத்திரியை நினைத்துக்கொண்டு இன்னொரு முறை கேளுங்கள்.

கம்பிகட்டி | சனி, பகல் 12.50

கேட்டேன். சூப்பர்வைசர் சீட்ட என் கையிலேயே கொடுத்தாரு. சி32/40ன்னு முழுசா இருந்துச்சு. மூணு லாரியும் பார்த்துட்டேன். நாலு தூண் முடிஞ்சிருச்சு, சாப்பிட்டுட்டு மீதி.